அட்டை காலாவதியானால் கணக்கும் முடங்குமா? ஸ்பெயின் வங்கிகள் குறித்து வாசகர் கேள்விகள்

ஸ்பெயினில் வேலைக்கும் படிப்புக்குமாகத் தங்கியிருக்கும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், வங்கி தொடர்பானவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஒரே சிக்கலைப் பலர் எழுதியிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: வலென்சியாவில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். என் தியே அட்டை, அதாவது வெளிநாட்டவர் அடையாள அட்டை, போன மாதம் காலாவதியானது. புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீது கையில் இருக்கிறது. ஆனாலும் வங்கி கணக்கை முடக்கிவிட்டது. சம்பளம் வந்து விழுகிறது, எடுக்க முடியவில்லை. புது அட்டை வந்த பிறகு வாருங்கள் என்கிறார்கள். வாடகை 5ஆம் தேதி போக வேண்டும். என்ன செய்வது?

பதில்: இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே புகார்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதலில் கணக்கு ஏன் முடங்குகிறது என்று பாருங்கள். பணமோசடித் தடுப்புக்காக 2010 ஏப்ரல் 28ஆம் தேதியிட்ட 10/2010 எண் சட்டம் ஸ்பெயினில் நடப்பில் இருக்கிறது. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் செல்லுபடியாகும் ஆவணத்தை வைத்துச் சரிபார்க்க வேண்டும், அந்தத் தகவலை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும் என்பது வங்கியின் கடமை. வங்கிகள் இதைக் கணினியிடம் விட்டுவிட்டன. உங்கள் அட்டையின் காலாவதித் தேதி அதில் பதிவாகியிருக்கும். தேதி தாண்டினால் எச்சரிக்கை போகும், பிறகு கணக்கு பூட்டிக்கொள்ளும். பூட்டைத் திறக்கப் புதிய காலாவதித் தேதி ஒன்றைக் கட்டத்தில் நிரப்ப வேண்டும். உங்கள் புதுப்பிப்பு ரசீதில் அப்படியொரு தேதியே கிடையாது. கவுன்டரில் இருப்பவர் 'புது அட்டையோடு வாருங்கள்' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

சட்டத்தின் நடைமுறை விதிகள் 304/2014 எண் அரசாணையில் இருக்கின்றன. வெளிநாட்டவரை அடையாளம் காணச் செல்லும் ஆவணங்களை அதன் 6ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது. குடியிருப்பு அட்டை, தியே அட்டை ஆகியவற்றோடு பாஸ்போர்ட்டும் அதில் இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால், அதையே அடையாள ஆவணமாகப் பதிந்து அதன் காலாவதித் தேதியைக் கட்டத்தில் போடலாம். நியே எண்ணை, அதாவது வெளிநாட்டவருக்கான அடையாள எண்ணை, வரி எண்ணாக அப்படியே வைத்துக்கொள்ளலாம். காலாவதியாவது அட்டை மட்டும்தான். நியே எண் ஆயுளுக்கும் ஒன்றே.

அடுத்து, உங்கள் குடியிருப்பு உரிமை இப்போதும் உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். 2025 மே 20 முதல் நடப்பில் இருக்கும் 1155/2024 எண் அரசாணையின்படி, அட்டை காலாவதியாவதற்கு 2 மாதம் முன்பிருந்து காலாவதியான 3 மாதம் வரை புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். உரிய காலத்தில் விண்ணப்பித்தால், முடிவு வரும்வரை பழைய அனுமதி நீடிக்கும். 'ரெஸ்குவார்தோ' எனப்படும் அந்த ரசீதில் தாக்கல் செய்த தேதியும் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும். இணையவழி தாக்கல் செய்திருந்தால் ஓரத்தில் நீளமான சரிபார்ப்புக் குறியீடு இருக்கும். அதை அரசுத் தளத்தில் இட்டு ரசீதின் உண்மைத்தன்மையை வங்கி ஊழியரே அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

வங்கிக்குப் போகும்போது பாஸ்போர்ட்டின் அசல், பழைய அட்டையின் இரு பக்க நகல், ரெஸ்குவார்தோ, கடைசி மாதச் சம்பளச் சீட்டு ஆகிய நான்கையும் எடுத்துப் போங்கள். எந்தக் கிளையில் கணக்கு இருக்கிறதோ அந்தக் கிளைக்கே போக வேண்டும். மற்றக் கிளைகளில் உங்கள் கோப்பைத் திறந்து பார்க்க முடியும், மாற்றும் அதிகாரம் பல நேரங்களில் இருக்காது. அதே ஆவணங்களை அன்றே வங்கிச் செயலியிலும் ஏற்றி, ஏற்றிய திரையைப் படம் எடுத்து வையுங்கள். என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு அது சாட்சி.

அப்போதும் மறுத்தால் சண்டை வேண்டாம். மறுப்பை எழுத்தில் கேளுங்கள்: 'போர் எஸ்கிரீதோ, போர் ஃபவோர்.' எழுத்தில் தர வேண்டும் என்றதும், கிளை மேலாளர் விதிமுறை இணக்கப் பிரிவுக்கு ஒரு போன் போட்டுப் பார்ப்பது வழக்கம். வழி பெரும்பாலும் அங்கேதான் திறக்கிறது.

அதுவும் நடக்கவில்லையென்றால் அந்த வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு எழுத வேண்டும். சுருக்கமாக 'சாக்' என்பார்கள். ஒவ்வொரு வங்கியும் இதை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். முகவரி வங்கியின் இணையதளத்தின் அடியில் இருக்கும். ஒரு பக்கக் கடிதம் போதும். எந்தத் தேதியில் முடங்கியது, முன்னறிவிப்பு வந்ததா, என்னென்ன ஆவணங்களை எப்போது கொடுத்தீர்கள், இப்போது என்ன கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். முன்னறிவிப்பு வரவில்லையென்றால் அதை முதல் பத்தியிலேயே வையுங்கள். வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் கணக்கைக் கட்டிப்போடுவதை ஸ்பெயின் மத்திய வங்கி நல்ல நடைமுறையாக ஏற்பதில்லை. பணப் பரிமாற்றச் சேவை தொடர்பான புகாருக்கு 15 வேலை நாட்களில் பதில் வர வேண்டும். மற்றப் புகார்களுக்கு, நீங்கள் தனிநபர் நுகர்வோர் என்றால், 1 மாதம். பதில் வராவிட்டாலோ பாதகமாக வந்தாலோ மத்திய வங்கியிடம் போகலாம். கட்டணம் இல்லை. ஆனால் 'சாக்'கில் முதலில் கொடுத்திருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். மத்திய வங்கி தரும் அறிக்கை வங்கியைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் முடியும்வரை வாடகை காத்திருக்காது. வீட்டு உரிமையாளருக்கு இன்றே ரெஸ்குவார்தோவின் நகலோடு ஒரு செய்தி அனுப்புங்கள். அடுத்த சம்பளத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சம்பளப் பட்டியல் மாதக் கடைசிக்குச் சில நாள் முன்பே மூடிவிடும், தாமதிக்காதீர்கள். ஸ்பெயினில் வாழும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் வேறு வங்கியில் இரண்டாவது கணக்கு ஒன்று வைத்திருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதில் ஒரு மாத வாடகை எப்போதும் இருக்கட்டும். தம்பதியின் கூட்டுக் கணக்கு இதற்கு மாற்று ஆகாது. ஒருவருடைய அட்டை காலாவதியானாலும் இருவரின் பணமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளக்கூடும்.

கேள்வி: சலமாங்காவில் முதுகலை படிக்க வந்திருக்கிறேன். தியே அட்டை இல்லாமல் கணக்குத் திறக்க மாட்டோம் என்கிறது வங்கி. அட்டைக்கு விரல்ரேகை கொடுக்க நேரம் கிடைக்கவில்லை. விடுதிக்காரர் ஸ்பானியக் கணக்கு கேட்கிறார்.

பதில்: உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, குடியிருப்பாளர் அல்லாதோர் கணக்கு. பாஸ்போர்ட்டோடு, நீங்கள் ஸ்பெயினில் குடியிருப்பாளராகப் பதிவாகவில்லை என்ற காவல்துறைச் சான்றிதழ் இதற்கு வேண்டும். வெளிநாட்டவர் பிரிவுக் காவல் அலுவலகத்தில் இஎக்ஸ்-15 படிவத்தைக் கொடுத்து, 790 எண் படிவத்தின் 012 குறியீட்டில் கட்டணம் கட்டிப் பெறலாம். சான்றிதழ் 3 மாதமே செல்லும், முன்கூட்டியே வாங்கி வைத்துப் பயனில்லை. பல வங்கிகள் உங்களிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாங்களே வரவழைக்கும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வரிசையில் நிற்கும் நேரத்தைப் பார்த்தால் அந்தக் கட்டணம் கொடுக்கத் தகும்.

இரண்டாவது வழியைக் கவுன்டரில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. அதன் பெயர் 'குவெந்தா தே பாகோ பாசிகா', அடிப்படைப் பணப்பரிமாற்றக் கணக்கு. 2017 நவம்பரில் வந்த 19/2017 எண் அரசாணைச் சட்டத்தின்படி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு உரிமை. புகலிடம் கோரியவர்களுக்கும், குடியிருப்பு அனுமதி இல்லாவிட்டாலும் வெளியேற்ற முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும் உண்டு. மாதக் கட்டணம் 3 யூரோவைத் தாண்டக்கூடாது. டெபிட் கார்டு, பணம் போடுதல், எடுத்தல் ஆகியவற்றோடு, ஒன்றியத்துக்குள் யூரோவில் செய்யும் பண அனுப்பல்களும் தானியங்கிப் பிடித்தங்களும் சேர்ந்து ஆண்டுக்கு 120 வரை அந்த 3 யூரோவுக்குள் அடங்கும். பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று நிறுவினால் அதுவும் இலவசம்.

முழு ஆவணங்களும் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி முடிவு சொல்ல வேண்டும். ஸ்பெயினில் உங்களுக்கு ஏற்கெனவே இதே போன்ற கணக்கு இருக்கிறது, பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்கு முரணாகும் என்பன போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். மறுப்பையும் காரணத்தையும் எழுத்தில், இலவசமாகத் தர வேண்டும். எங்கே புகார் செய்யலாம் என்பதையும் அதில் சொல்லியாக வேண்டும்.

எந்தக் கணக்காக இருந்தாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், கல்விக் கடன் ஒப்புதல் கடிதம், பெற்றோர் அனுப்புவதானால் அவர்களின் வங்கி அறிக்கையும் உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழும் வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி முகவரிப் பதிவை, அதாவது எம்பாத்ரொனமியெந்தோவை, உடனே முடித்துவிடுங்கள். அந்தத் தாள் 3 மாதத்துக்கு மேல் பழையதானால் பல இடங்களில் திருப்பி அனுப்புவார்கள்.

தியே அட்டை கைக்கு வந்ததும் வங்கிக்குப் போய்க் கணக்கைக் குடியிருப்பாளர் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். அது தானாக மாறாது. மாற்றாமல் விட்டால் உயர்ந்த கட்டணம் தொடரும், வரித்துறைக்குப் போகும் தகவலும் தவறாக இருக்கும்.

கேள்வி: என் இணைய வங்கிக் கணக்கின் ஐபான் எண், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண், லித்துவேனியாவைக் குறிக்கும் எல்டி என்று தொடங்குகிறது. உடற்பயிற்சிக் கூடமும் மின் நிறுவனமும் ஸ்பானிய எண் மட்டுமே ஏற்போம் என்கின்றன. சரியா? (பார்சிலோனா)

பதில்: சரியில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 260/2012 எண் ஒழுங்குமுறையின் 9ஆம் பிரிவு, செபா எனப்படும் யூரோ பணப்பரிமாற்ற வட்டத்துக்குள் எந்த நாட்டுக் கணக்கு என்று பணம் பெறுபவரோ செலுத்துபவரோ நிபந்தனை போடக்கூடாது என்கிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் அதோடு இறங்கி வரும். இறங்காவிட்டால் மாநில நுகர்வோர் அலுவலகத்தில் புகார் செய்யலாம். இணையப் படிவமே ஈஎஸ் என்று தொடங்கும் 24 எழுத்தெண்களைத் தவிர வேறெதையும் ஏற்காதபடி செய்யப்பட்டிருந்தால், அந்தத் திரையைப் படம் எடுத்து இணைத்து அனுப்புங்கள்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. தியே அட்டையில் என் பெயரையே குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். வங்கியில் அப்பா பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். இப்போது யாராவது பணம் அனுப்பினால் 'பெயர் பொருந்தவில்லை' என்று வருகிறதாம். (மாட்ரிட்)

பதில்: தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கே உரிய தலைவலி இது. ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயரும் இரண்டு குடும்பப் பெயர்களும் உண்டு. எல்லாப் படிவங்களிலும் மூன்று கட்டங்கள், அதில் முதல் குடும்பப் பெயர் கட்டாயம். தலைப்பெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்திருப்பவர் வந்து நின்றால் ஒவ்வோர் அலுவலரும் தமக்குத் தோன்றியபடி நிரப்புகிறார். ஒருவர் பெயரை இரண்டு முறை எழுதுவார், ஒருவர் புள்ளி வைப்பார், இன்னொருவர் நீளமான பெயரை இரண்டாக உடைப்பார்.

முன்பு இது பெரிதாகத் தெரியவில்லை, ஐபான் எண் சரியாக இருந்தால் பணம் போய்ச் சேர்ந்தது. 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள், பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரும் ஐபானும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்கின்றன. பொருந்துகிறது, ஏறக்குறையப் பொருந்துகிறது, பொருந்தவில்லை, சரிபார்க்க முடியவில்லை என்று நான்கு விடைகளில் ஒன்று வரும். ஏறக்குறைய என்று வந்தால் கணக்கில் உள்ள சரியான பெயரையும் திரையில் காட்டும். பொருந்தாவிட்டாலும் அனுப்பலாம். ஆனால் அந்த எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு வேறு எவரும் துணிந்து அனுப்ப மாட்டார்கள்.

தீர்வுக்குத் தியே அட்டையை அடிப்படையாகக் கொள்ளுங்கள். அதில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே வங்கியிலும் மாற்றச் சொல்லுங்கள். தலைப்பெழுத்தோ அப்பா பெயரோ கூடுதலாக வேண்டாம். மாற்றியதும் 'செர்திஃபிகாதோ தே தித்துலாரிதாத்' என்ற கணக்கு உரிமைச் சான்றிதழைச் செயலியிலிருந்து இறக்கி, அதில் உள்ள பெயரை அலுவலகத்துக்கும், உங்களுக்குப் பணம் அனுப்புபவர்களுக்கும் கொடுங்கள். சமூகப் பாதுகாப்பு, வரித்துறை, நகராட்சிப் பதிவு ஆகியவற்றையும் ஒவ்வொன்றாக அதற்கே கொண்டுவாருங்கள்.

அட்டையிலேயே எழுத்துப் பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்திய பிறகுதான் வங்கிக்குப் போக வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரைப் பிரித்து எழுதிக்கொள்ள நினைப்பவர்கள், அட்டை புதுப்பிக்கும் காலத்துக்கு நன்கு முன்பே அதை முடித்துவிடுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் தொட்டால் பழைய பெயரில் ரெஸ்குவார்தோ, புதுப் பெயரில் பாஸ்போர்ட் என்றாகி, மேலே முதல் பதிலில் சொன்ன வழி அடைபட்டுவிடும்.

கேள்வி: தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த நிலத்தை விற்ற பணத்தை இங்கே வீடு வாங்கக் கொண்டுவர வேண்டும். வங்கி தடுத்து வைத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (மாலகா)

பதில்: பணம் வருவதற்கு முன்பே வங்கியில் கோப்பு தயாராக இருந்தால் தடை ஏற்படும் வாய்ப்பு மிகக் குறைவு. தொகையை அனுப்பிவிட்டுப் பிறகு ஆவணம் தேடுபவர்கள்தான் வாரக்கணக்கில் தவிக்கிறார்கள்.

கிரையப் பத்திரம், நிலம் உங்களுக்கு வந்த வழியைக் காட்டும் தாய்ப்பத்திரம் அல்லது பாகப்பிரிவினை, விற்ற பணம் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்கில் விழுந்ததைக் காட்டும் அறிக்கை, இந்தியாவில் வரி கட்டியதற்கான பட்டயக் கணக்காளர் சான்று ஆகியவை வேண்டும். என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். பத்திரம் தமிழில் இருந்தால் எந்த மொழிபெயர்ப்பை ஏற்பார்கள் என்று கிளையில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சில கிளைகளுக்கு ஆங்கிலம் போதும். சில ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும். நான்கு பேர் அனுப்பும் சிறு தொகைகளாகப் பிரித்துக் கொண்டுவராதீர்கள். வங்கியின் கணினி சந்தேகிப்பதற்கென்றே தேடும் வடிவம் அதுதான்.

வரியை மறக்க வேண்டாம். ஆண்டில் 183 நாளுக்கு மேல் ஸ்பெயினில் இருப்பவர் இங்கே வரிக் குடியிருப்பாளர். உலகில் எங்கு கிடைத்த லாபமும் இங்கே கணக்கில் வரும், விகிதம் 19 முதல் 30 சதவீதம் வரை. இந்தியாவில் கட்டிய வரிக்கு இரு நாட்டு உடன்படிக்கையின்படி கழிவு கேட்கலாம். டிசம்பர் 31 அன்று வெளிநாட்டு வங்கிக் கணக்குகளில் 50,000 யூரோவுக்கு மேல் இருந்தால், வெளிநாட்டுச் சொத்துகளை அறிவிக்கும் 720 எண் படிவத்தையும் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை தாக்கல் செய்ய வேண்டும். வெளிநாட்டில் உள்ள நிலம், வீடு ஆகியவற்றுக்கும் இதே 50,000 யூரோ எல்லை தனியாக உண்டு. இந்தப் பகுதிக்கு ஒரு வரி ஆலோசகரைப் பார்ப்பது அவசியம்.

கேள்வி: எங்களுடன் தங்கியிருக்கும் அப்பாவுக்கு 74 வயது. செயலி தெரியாது. கிளையில் காசாளர் காலையில் கொஞ்ச நேரம்தான் இருக்கிறார். (அலிகாந்தே)

பதில்: வலென்சியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர் கார்லோஸ் சான் ஹுவான் 2022இல் 'நான் முதியவன், முட்டாள் அல்ல' என்ற கோரிக்கைக்கு 6 லட்சத்துக்கு மேல் கையெழுத்துத் திரட்டினார். அதன் பலனாக வங்கிச் சங்கங்கள் அதே ஆண்டு பிப்ரவரியில் ஒரு நெறிமுறையில் கையெழுத்திட்டன. கிளைகளில் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை நேரடிச் சேவை, முதியவர்களுக்கு முன்னுரிமை, தொலைபேசியில் மனிதர் பேசுவது ஆகியவை அதில் அடங்கும். குடியுரிமை என்ன என்று அது பார்ப்பதில்லை. அந்த நெறிமுறையைச் சொல்லியே கேளுங்கள். நிரந்தர வழியாக, அப்பாவின் கணக்கில் உங்களை 'அவுத்தோரிசாதோ', அதாவது இயக்க அனுமதி பெற்றவர், என்று சேர்த்துக்கொள்ளலாம். பணம் அவருடையதாகவே இருக்கும். கூட்டு உரிமையாளராகச் சேர்ந்தால் வரியிலும் வாரிசுரிமையிலும் வேறு கேள்விகள் எழும்.

கேள்வி: வேலை முடிந்து சென்னைக்குத் திரும்பிவிட்டேன். பழைய ஸ்பானியக் கணக்கில் மாதாமாதம் கட்டணம் பிடிக்கிறார்கள். ஸ்பானிய செல்பேசி எண் இப்போது இல்லை, அதனால் செயலிக்குள்ளும் நுழைய முடியவில்லை.

பதில்: கணக்கை மூடுவது எளிது, ஆனால் ஸ்பெயினில் இருக்கும்போது. 19/2018 எண் அரசாணைச் சட்டத்தின்படி வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் மூடச் சொல்லலாம், வங்கி 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். 6 மாதத்துக்கு மேல் இருந்த கணக்கு என்றால் மூடுவதற்குக் கட்டணமும் இல்லை. இருந்தும் பலர் மாட்டிக்கொள்வது, கணக்கோடு ஒட்டியிருக்கும் கார்டு, காப்பீடு, பிசும் எனப்படும் செல்பேசிப் பண அனுப்பல் சேவை, நிலுவைக் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியாக ரத்து செய்யாததால். இவற்றில் ஒன்று மிச்சமிருந்தாலும் கணக்கு மூடாது.

உங்கள் நிலையில் முதல் வேலை, வங்கியின் வெளிநாட்டு அழைப்பு எண்ணில் பேசி உங்கள் இந்திய எண்ணைப் பதியக் கேட்பது. சில வங்கிகள் காணொளி அடையாளச் சோதனையோடு இதைச் செய்து தருகின்றன. முடியாது என்றால், மூடும் கோரிக்கையை ஸ்பானிய மொழியில் எழுதிக் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகலோடு கிளைக்கும் 'சாக்'குக்கும் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கடிதத்தில் கணக்கின் 24 எழுத்தெண்கள், நியே எண், மிச்சப் பணம் போக வேண்டிய கணக்கு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு நோட்டரி சான்றும், அதை வெளிநாட்டில் செல்லத்தக்கதாக்கும் அப்போஸ்டில் முத்திரையும் வங்கி கேட்டால் இந்தியாவிலேயே பெறலாம். ஹேக் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005 முதல் இருக்கிறது.

வரித்துறையிடமிருந்து திரும்ப வர வேண்டிய தொகை இருந்தால் கணக்கை மூடும் கடிதத்தைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். வேலை முடிந்த ஆண்டுக்கான வரிக் கணக்கு அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் தாக்கலாகும், பணம் அதற்குப் பிறகே வரும். மூடிய பிறகு பூஜ்ய இருப்போடு மூடியதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வையுங்கள். நிலுவை இருக்கிறது என்று பின்னால் வசூல் நிறுவனம் எதுவும் எழுதினால், அந்தத் தாளின் நகலைத் திருப்பி அனுப்பினால் போதும்.